ஷெட்டுக்குள் ஊமைக் கார்

அத்தியாயம் ஆறு

செத்துப்போன ஒரு மனிதரின் சீட்டில் உட்கார்ந்து அவருடைய ஸ்டீரியோவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வேலை எனக்கு வாய்க்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்துத் தொலைத்திருப்பேன்.

“என்னடா தெரியுது?” ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டாள் அக்கா.

“தூசி தெரியுது. செத்த கரப்பான் ஒண்ணு தெரியுது. இந்த ஸ்டீரியோவுக்கு ஏன் உயிர் இல்லைங்கிறதுதான் தெரியல.”

“அதைப் பார்க்கத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். கரப்பானுக்கு அப்புறம் துக்கம் கொண்டாடு.”

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். மேலதிகாரியின் மச்சான் கொடுத்த கிளெய்மையே பொய் என்று நிரூபித்துவிட்டு வேலையைத் தொலைத்தவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். வெளியில் அவளுக்குப் பெயர் ‘சந்தேகம் மேடம்’. எனக்குப் பெயர் ‘ஸ்பீக்கர்’. கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன் என்பது ஒரு காரணம், வாயை மூடுவதில்லை என்பது நிஜமான காரணம். நான் வயரிங் செய்து கொடுத்த ஒரு காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால் ஹாரன் அடித்தது. அதற்காக முதலாளி என்னைத் துரத்திவிட்டார். ரசனை இல்லாத மனுஷன்.

இந்தக் காரின் சொந்தக்காரர் வாடகைக் கார் டிரைவர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், இதே ஷெட்டில், ஷட்டர் இறங்கியிருக்க, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இதே சீட்டில் சாய்ந்தபடி செத்துக் கிடந்தார். மூடின இடத்தில் இஞ்சின் புகை சேர்ந்தால் ஆளைச் சத்தமில்லாமல் முடித்துவிடும். இது ஒரு டிரைவருக்குத் தெரியாமலா இருக்கும், தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்றது போலீஸ். தற்கொலை என்று எழுதிக் கேஸை மூடிவிட்டது.

காரணத்தைத் தேடி யாரும் அலையவில்லை. ‘காரணம்’ இப்போது என் எதிரில் ஷெட் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். டிரைவரின் ஒரே மகள். வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. போகக் கூடாது என்றார் அப்பா. அவர் செத்த நாள் காலையில் வீட்டில் பெரிய சண்டை. “நீங்க உயிரோட இருக்கிற வரைக்கும் எனக்கு விடிவே கிடையாது” என்று சொல்லிவிட்டுச் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அங்கிருந்தே பஸ் ஏறுவதாக இருந்தாள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா அத்தனை பேர் முன்னாலும் மகளிடம் ஒரு வார்த்தை சொன்னாள். “உன் வாய்தான்டி அவரைக் கொன்னுது.” அதோடு சரி. அதற்குப் பிறகு அம்மா மகளிடம் பேசுவதே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று வாரம்.

நேற்று எங்கள் ஆபீசுக்கு வந்தவள் கேஸ் என்று எதையும் கொடுக்கவில்லை. ஒரு கேள்வியைத்தான் கொடுத்தாள்.

“அப்பா கடைசியா என் பாட்டைக் கேட்டுக்கிட்டு இருந்தாருன்னு சித்தப்பா சொன்னாரு மேடம். சின்ன வயசுல ஓயாம நான் பாடிக்கிட்டே இருப்பேனாம், அந்தப் பாட்டு. அதே கார்ல உட்கார்ந்து நானும் ஒரு தடவை கேக்கலாம்னு போனேன். ஸ்டீரியோ ஆன் ஆகல. போலீஸ் சாவியைத் திருப்பிக் குடுத்ததுலேருந்து அந்தக் காரை யாருமே தொடல. அப்போ அன்னிக்கு மட்டும் எப்படிப் பாடுச்சு? அவர் நிஜமாவே கேட்டாரா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும். என்னை நினைச்சுக்கிட்டேதான் செத்தாருன்னா, எங்கம்மா சொல்றது சரிதான்னு நானும் ஒத்துக்கிறேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஜோக்கடித்துச் சமாளித்திருப்பேன்.

காலையில் நாங்கள் வந்ததும் முதல் சிரமம் ஷட்டர்தான். இந்த ஷெட்டுக்கு அந்த ஷட்டரைத் தவிர வேறு வழி கிடையாது. தூக்கிவிட்டால் மேலே போய் உருளைக்குள் சுருண்டுகொள்கிறது. கடைசித் துண்டு தூரத்தை, வெளிச் சுவரில் ஆணியில் தொங்கும் கொக்கிக் கம்பியால்தான் தள்ள வேண்டும், கீழே இழுக்கவும் அதே கம்பிதான். தெரியாத்தனமாகக் கையால் எட்டிப் பார்த்துக் குதித்தேன். விரலில் காற்றுதான் பட்டது.

“எங்கப்பாவும் உங்க உயரம்தான். அவருக்கும் எட்டாது” என்றாள் அந்தப் பெண்.

“நல்ல மனுஷனா இருந்திருப்பாரு” என்றேன். குள்ளமானவர்களைப் பற்றி நான் எப்போதும் நல்லதுதான் சொல்வேன்.

உள்ளே சுவரில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தன. நீளமாக நான்கு, குறுக்கே சில. அலமாரித் தட்டுகளுக்கு அளவெடுத்ததைப் போல இருந்தது. அக்கா ஒரு கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தையல்காரர்கள் துணியில் குறிக்கும் சாக்குக்கட்டி. சித்தப்பா தையல்காரர், மாடியில் குடியிருக்கிறார். அக்கா விரலைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது ஸ்டீரியோவுக்கு வருகிறேன். ஹாரனை அமுக்கினேன், அலறியது. விளக்கைப் போட்டேன், எரிந்தது. ஆக, பேட்டரியில் கோளாறு இல்லை. ஸ்டீரியோவை வெளியே இழுத்தேன். பின்னால் மூன்று வயர்கள் முக்கியம். கறுப்பு எர்த். சிவப்பில் சாவி போட்டால் கரெண்ட் வரும். மஞ்சளில் எப்போதும் கரெண்ட் இருக்க வேண்டும். பல்பு வைத்த என் டெஸ்ட் வயரைச் சிவப்பில் வைத்தேன், எரிந்தது. மஞ்சளில் வைத்தேன். ம்ஹும்.

“மஞ்சளுக்குக் கரெண்ட் எங்கேருந்து வரும்?” என்றாள் அக்கா.

“ஃப்யூஸ் பெட்டியிலேருந்து.”

“அப்போ ஃப்யூஸை முதல்லயே பார்த்திருக்கலாமே. எதுக்கு டேஷ்போர்டையே பிரிச்சுப் போட்டிருக்க?”

“தொழில் ரகசியம்க்கா. ஃப்யூஸை முதல்ல பார்த்துட்டா வேலை உடனே முடிஞ்சிடும். அப்புறம் கஸ்டமர் எப்படி நம்மள மதிப்பான்?”

அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டேன். மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். மூடியின் உள்பக்கம் எந்தக் குழியில் எந்த நிற ஃப்யூஸ் என்று படம் போட்டிருந்தது. ஸ்டீரியோவுக்கு நீலம்.

“அக்கா, ஃப்யூஸ் எரியல.”

“அப்புறம்?”

“ஃப்யூஸே இல்ல. குழி காலியா இருக்கு.”

அக்கா மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தாள். “யாராவது திருடியிருப்பாங்களா?”

“ஃப்யூஸைத் திருடறவன் இன்னும் பொறக்கல. இது டிரைவருங்க பண்ற வேலை. நடு வழியில ஏதாவது முக்கியமான ஃப்யூஸ் போச்சுன்னா பாட்டு ஃப்யூஸைத்தான் பிடுங்கி அங்க சொருகுவாங்க. பாட்டு இல்லாம வண்டி ஓடும். வைப்பர் இல்லாம, ஹெட்லைட் இல்லாம ஓடுமா?”

“அப்போ அந்த நீலம் இந்தப் பெட்டியிலயேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கு. தேடு.”

தேட அதிக நேரம் ஆகவில்லை. மூடியில் இருந்த படத்தையும் பெட்டியையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எல்லாம் அதது இடத்தில் இருந்தது, ஒன்றைத் தவிர. இஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்குப் பச்சை இருக்க வேண்டும். அங்கே நீலம் உட்கார்ந்திருந்தது.

“ஃபேன் ஃப்யூஸ் போயிருக்கு. இஞ்சின் கொதிச்சிருக்கும்” என்றேன்.

“கொதிச்சுது” என்றாள் அந்தப் பெண். சுவரிலிருந்து விலகி நின்றிருந்தாள். “அன்னிக்கு மத்தியானம் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் வண்டியைக் கொண்டுவந்தாராம். எதிர் வீட்டுக்காரங்க சொன்னாங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், நான் மூடினால் தூக்கம். “எரிஞ்ச பச்சை எங்கடா?”

“தூக்கிப் போட்டிருப்பாரு. இல்ல, இருங்க. தூக்கிப் போட மாட்டாங்க. கடையில அதைக் காட்டித்தான் அதே மாதிரி புதுசு வாங்குவாங்க. சட்டைப் பையில போட்டு வச்சுக்கிறதுதான் பழக்கம்.”

அக்கா கண்ணைத் திறந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். “அப்பா அன்னிக்குப் போட்டிருந்த சட்டை எங்கம்மா?”

“ஆஸ்பத்திரியில ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. அம்மாகிட்ட இருக்கு.” கொஞ்சம் தயங்கினாள். “நீங்களே கேளுங்க. நான் கேட்டா பதில் வராது.”

வீட்டு வாசல் ஷெட்டுக்கு அடுத்தது. சமையலறையில் அம்மா ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ பளபளக்க ஆரம்பித்துவிட்டது, அவள் விடுவதாக இல்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். மகள் என் பின்னால், அம்மாவுக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றாள்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். “பீரோ மேல இருக்கு தம்பி. எடுத்துக்கச் சொல்லுங்க. அந்த ஸ்டூல் ஆடும், பார்த்து ஏறச் சொல்லுங்க.”

மகளும் என்னைப் பார்த்துச் சொன்னாள். “சரின்னு சொல்லுங்க.”

தபால்காரன் வேலையும் பார்த்தாயிற்று. வேறு எந்த வீட்டிலாவது இது நடந்திருந்தால் சிரித்திருப்பேன். இங்கே சிரிப்பு வரவில்லை.

பையின் முடிச்சை யாரும் அவிழ்த்திருக்கவில்லை. அக்கா அதை ஷெட்டில் காரின் பானெட் மேல் வைத்து அவிழ்த்தாள். காக்கிச் சட்டையின் பைக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்தாள். பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. உள்ளே கம்பி கருகி அறுந்திருந்தது.

“உட்காரும்மா” என்றாள் அக்கா. அந்தப் பெண் உட்காரவில்லை. “சரி, நின்னுக்கிட்டே கேளு. சாகப்போறவர் எதுக்கு ரேடியேட்டர் ஃபேனை ரிப்பேர் பண்ணணும்? கருகிப்போன ஃப்யூஸை எதுக்குப் பத்திரமா பையில வைக்கணும்? மறுநாள் கடைக்குப் போய் இதைக் காட்டிப் புதுசு வாங்கத்தான். உங்கப்பாவுக்கு மறுநாள் இருந்துச்சும்மா. சாகற நினைப்பே அவருக்கு இல்ல.”

“அப்போ எதுக்கு மேடம் இஞ்சினை ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு?”

“ஸ்பீக்கர், சொல்லு.”

“ஃபேன் உடனே சுத்தாதும்மா. இஞ்சின் நல்லா சூடானாத்தான் சுத்தும். மாத்தின ஃப்யூஸ் வேலை செய்யுதான்னு பார்க்கணும்னா, வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, சீட்டுல உட்கார்ந்து, சூட்டு முள் ஏறுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். ஊருக்குள்ள ஓட்டறதுன்னா தண்ணி ஊத்தியே சமாளிக்கலாம். தூரமா எங்கேயோ போறதுக்குத்தான் இந்தப் பாடு பட்டிருக்காரு.”

ஷட்டர் முழுக்க மேலே இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னாள் அக்கா. முனகியது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. மூவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் மெதுவாக ஏறி நடுவைத் தாண்டியது. முன்பக்கத்திலிருந்து சர்ரென்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றியது. செத்தவர் பார்த்த ரிப்பேர் சரியாகத்தான் இருந்தது, அவர்தான் அதைக் கேட்காமல் போய்விட்டார். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இஞ்சின் சத்தம் கேட்டு மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கி வந்தார்கள். சித்தப்பா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மெலிந்த ஆள், அண்ணனைவிட நல்ல உயரம்.

“யாரு வண்டியை எடுத்தது?” என்றார். எங்களைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். “நீங்கதானா மேடம். இந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. போனவனைப் பத்தி இன்னும் எதுக்கு நோண்டிக்கிட்டு? இந்தப் புள்ளை மனசு இன்னும் கெட்டுப்போகும்.”

“முடிச்சுக்கத்தான் வந்தோம்” என்று இஞ்சினை அணைத்தாள் அக்கா. “அன்னிக்கு நீங்க பார்த்ததை மட்டும் இன்னொரு தடவை சொல்லிடுங்க.”

அவர் பலமுறை சொன்னதையே திரும்பவும் சொன்னார். சாயங்காலம் தையல் கடைக்குக் கிளம்பினார். ஷட்டர் திறந்திருந்தது. அண்ணன் காரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடியது. மகளின் பாட்டு ஓடியது, அதோடு சேர்ந்து மெல்லப் பாடிக்கொண்டும் இருந்தார். மனசு கஷ்டத்தில் இருக்கிறான், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று போய்விட்டார். திரும்பி வந்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது, எல்லாம் முடிந்திருந்தது.

“இஞ்சினும் ஓடுச்சு, பாட்டும் ஓடுச்சு. நிச்சயமா?”

“என் காதால கேட்டேன் மேடம்.”

அக்கா காலியான குழியைக் காட்டினாள். ஃபேன் குழியில் இருந்த நீலத்தைக் காட்டினாள். உள்ளங்கையில் கருகின பச்சையைக் காட்டினாள். “பாட்டு ஃப்யூஸைப் பிடுங்கி ஃபேனுக்குப் போட்டுட்டுத்தான் உங்க அண்ணன் இஞ்சினையே ஸ்டார்ட் பண்ணியிருக்காரு. அவர் பையிலேயே பச்சை இருக்கிறதால மாத்தினது அவர்தான், வேற யாரும் இல்ல. இஞ்சின் ஓடின நேரம் முழுக்க இந்த ஸ்டீரியோ ஊமை. உங்க காதுல என்ன விழுந்துச்சு?”

சித்தப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு டிரைவர் பாட்டை ஃபேனுக்குக் கொடுப்பான் என்பது அவர் நினைத்தே பார்த்திராத விஷயம். அண்ணன் காரில் உட்கார்ந்தால் பாட்டு ஓடும், அது எப்போதும் நடப்பது. அந்த நம்பிக்கையில்தான் அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

பிறகு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார். “பொய்தான் மேடம். ஒத்துக்கிறேன். கடைசி நேரத்துல அப்பா தன்னை நினைச்சாருன்னு தெரிஞ்சா இந்தப் புள்ளைக்கு ஆறுதலா இருக்குமேன்னு சொல்லிட்டேன். அது இப்படி ஆகும்னு நினைக்கல.”

“நல்ல மனசு உங்களுக்கு” என்றாள் அக்கா.

நான் அவளை முறைத்தேன். இந்த ஆளுக்கா? அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

“அப்போ இது தற்கொலையும் இல்ல. ரிப்பேர் பார்க்கும்போது நடந்த விபத்து. அப்படியே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடறேன். குடும்பத்துக்கும் ஒரு நிம்மதி.”

சித்தப்பாவின் தோள் இறங்கியது. “கடவுள் மாதிரி வந்தீங்க மேடம்.”

“இன்ஸ்பெக்டர் ஏதாவது கேட்டா நான் பதில் சொல்லணும் பாருங்க. நீங்க திரும்பி வந்தப்ப ஷட்டர் கீழ இருந்துச்சு. எப்படித் திறந்தீங்க?”

“எப்பவும் போலத்தான். கையால தூக்கிட்டு, மேல கம்பியால தள்ளினேன்.”

“கம்பி எங்க இருந்துச்சு? தேட வேண்டியிருந்துச்சா?”

“இல்லையே. வெளிய ஆணியிலதான் தொங்கிட்டு இருந்துச்சு.”

“பதற்றத்துல மறந்திருப்பீங்க. உள்ளே கிடந்திருக்கும்.”

“இல்ல மேடம், நல்லா ஞாபகம் இருக்கு. இதோ இந்த ஆணியிலேருந்துதான் எடுத்தேன்.”

அக்கா தலையை ஆட்டினாள். “ஸ்பீக்கர், ஷெட்டுக்குள்ள நின்னுக்கிட்டு இந்த ஷட்டரை இறக்கு. கம்பி இல்லாம.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் குதித்தேன். ஒருமுறை, மறுமுறை, ஓடிவந்து ஒருமுறை. என் விரலுக்கும் ஷட்டருக்கும் நடுவில் ஒரு முழம் மிச்சமிருந்தது.

“உங்க அண்ணனும் இவன் உயரம்தான்” என்றாள் அக்கா. “ஆணி வெளியே இருக்கு. கம்பியும் வெளியே இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ ஷட்டரை இறக்கினவரும் வெளியேதான் நின்னிருக்காரு.”

சித்தப்பா ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். “நான் போன பிறகு வேற யாராவது...”

“வேற யாராவதுன்னா நீங்க எதுக்குப் பாட்டைச் சேர்க்கணும்? ஆறுதலுக்கு இல்ல. கூடப் பாடிக்கிட்டு இருந்தாருன்னா, நீங்க கிளம்பறப்ப ஆள் முழிச்சிருந்தாருன்னு எல்லாரும் நம்புவாங்க. அவர் முழிச்சிருக்கல. அசந்து தூங்கிட்டு இருந்தாரு. நீங்க அதைப் பார்த்தீங்க.” அக்கா சுவரில் இருந்த வெள்ளைக் கோடுகளைக் காட்டினாள். “அலமாரிக்கு எப்போ அளவெடுத்தீங்க?”

நான் மெல்ல நகர்ந்து தெருப்பக்கம் போய் நின்றுகொண்டேன். குள்ளமாக இருந்தாலும் வழியை அடைக்க என்னால் முடியும். அதற்கு அவசியமே இருக்கவில்லை. சித்தப்பா அப்படியே சுவரில் சரிந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“போன வாரம்தான். கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “ரெண்டு மெஷினை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? இந்த ஷெட்டை எனக்குக் குடு, காரைத் தெருவுல நிறுத்திக்கன்னு எத்தனையோ தடவை கேட்டேன். அன்னிக்கும் கேட்டேன். முந்தின ராத்திரி பூரா சவாரி போயிட்டு வந்திருந்தான், கண்ணே திறக்க முடியல அவனால. அந்த நிலைமையிலயும் ஸ்டியரிங்குக்குக் கீழ தலையை விட்டுக்கிட்டு, ‘நாளைக்குப் புள்ளையைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்டா, அப்புறம் பேசிக்கலாம்’னான். எப்பவும் அப்புறம்தான் அவனுக்கு. மாடிக்குப் போயிட்டு, கடைக்குக் கிளம்பி வந்து பார்த்தா தூங்கிட்டான். வண்டி ஓடிக்கிட்டிருக்கு. எழுப்பிட்டுப் போகலாம்னுதான் நின்னேன். சத்தியமா எழுப்பத்தான் நின்னேன். கை கம்பிக்குப் போயிடுச்சு.”

செத்தவர் சொன்ன அந்த வார்த்தையை அக்காகூட எதிர்பார்த்திருக்கவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

அந்தப் பெண் அவர் முன்னால் போய் நின்றாள். “என்ன சொன்னாரு சித்தப்பா? திரும்பச் சொல்லுங்க.”

“என்னை மன்னிச்சிடும்மா.”

“அது இல்ல. அப்பா சொன்னதைச் சொல்லுங்க.”

“நாளைக்குப் புள்ளையைக் கொண்டுபோய் விடணும்னான். பஸ்ல போனா மூட்டை முடிச்சோட புள்ளை கஷ்டப்படும்னான். கோவத்துல போகாதேன்னு சொன்னது தப்புன்னு அவனே சொன்னான்.”

“இது உங்களுக்கு அன்னிக்கே தெரியும்.”

அவர் நாடாவின் நுனியை விரலில் இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

“எல்லாரும் என்னைக் கொலைகாரின்னு சொன்னப்ப நீங்களும் அங்கேதான் நின்னீங்க. என் தலையைத் தடவிக் குடுத்தீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “அப்பாவைக் கொன்னதுக்கு உங்களைப் போலீஸ் பார்த்துக்கும் சித்தப்பா. இதுக்கு உங்களை யாரு பார்த்துப்பாங்க?”

நான் இதுவரை எத்தனையோ திருடன், மோசடிக்காரன், பொய்யன் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். ஒருவன் மேலும் இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. ஒரு நிமிடம் சபலப்பட்டு ஷட்டரை இழுத்தவன் என்று மட்டும் அவரை நினைக்க முடியவில்லை. மூன்று வாரம் ஒரு பெண் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே அலமாரிக்கு அளவெடுத்தவர்.

“இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு” என்றாள் அக்கா.

போனை எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் பார்த்தேன். எனக்குப் பின்னால், ஷெட் வாசலில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஈரக் கையைத் துடைக்கக்கூட மறந்து நின்றதைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

“அண்ணி” என்றார் சித்தப்பா. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவரைக் கடந்து நேராக மகளிடம் போனாள். மூன்று வாரமாக இருந்த பழக்கத்தில், என்னிடம் ஏதாவது சொல்லச் சொல்வாளோ என்று ஒரு கணம் எனக்குப் பட்டது.

“நான்...” என்றாள் அம்மா. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முயற்சி செய்தாள். “துக்கத்துல என்ன பேசறோம்னே தெரியாம சொல்லிட்டேன்டி. பெத்தவ சொல்ற பேச்சா அது.”

மகள் அவளைப் பார்த்தாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அழுதபடியே சொன்னாள். “நான் சொன்னதை அப்பா அன்னிக்குச் சாயங்காலமே மன்னிச்சிட்டாரும்மா. ஒரே நாள்ல. நீ சொன்னதை நான் என்னம்மா பண்ணட்டும்? எனக்கு முடியலையே.”

அம்மா கையை நீட்டினாள். மகள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அம்மா ஷெட்டின் எண்ணெய்க் கறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு வராததால் அக்கா போனை வாங்கிப் பேசினாள். அவள் பேசி முடிக்கும்போது மகளும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில்தான், ஆனால் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.